கழிப்பறை வசதியுள்ள குலதெய்வம்

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, ஆடி இரண்டாம் நாள், காலை ஆறு மணி இருபது நிமிடம். வானத்தில் முக்கால் பங்கு மேகம், மேற்கிலிருந்து காற்று, முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் மழை இரண்டு மில்லிமீட்டர். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மழைமானியைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினேழு படி. பதினோராவது படியில் கால் வைத்தபோது சமையலறையில் பாத்திரம் விழுந்தது. தானாக விழும் பாத்திரம் ஒருமுறை ஒலித்து அடங்கும். இது மூன்று முறை உருண்டது.

என் மனைவி அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வலது விலாவுக்கு அடியில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. அந்த ஆண்டில் அது மூன்றாவது முறை. பித்தப்பையில் நான்கு கல் என்று ஸ்கேன் படம் சொல்லியிருந்தது, பெரியது பதினான்கு மில்லிமீட்டர். கள்ளக்குறிச்சி டாக்டர் இரண்டாம் தடவையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எடுத்துவிட வேண்டும், ஒரு கல் நழுவிக் குழாயில் அடைத்தால் மஞ்சள்காமாலை, அதற்குப் பிறகு சீழ், அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எண்ணத் தெரிந்தவனுக்கு அடுத்த எண் என்ன என்று தெரியும்.

அவளுக்கு அறுபத்தேழு, எனக்கு எழுபத்து நான்கு. வயதுக் கணக்குப்படி முதலில் போக வேண்டியவன் நான். அந்த வரிசை மாறினால் எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

"இன்னிக்கே போய் தேதி வாங்கிடலாம்" என்றேன்.

"கொலதெய்வத்துக்கு ஒரு பொங்க வெக்காம என் ஒடம்புல கத்தி வெக்க வுட மாட்டேன்" என்றாள். தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"சரி, வெச்சிடலாம். எந்த சாமிக்கு?"

"அத்த நீங்க தான் சொல்லணும். உங்க வூட்டு சாமி."

சிக்கல் அங்கேதான் இருந்தது. எங்கள் வீட்டுச் சாமி யார் என்று எனக்குத் தெரியாது.

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். இந்த வீட்டை அவர்தான் கட்டினார். கொத்தனார் பூஜை அறை எங்கே என்று கேட்டதற்கு, "வாடகை யார் கொடுப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாராம். எனக்கு முதல் மொட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சலூனில் நடந்தது. தாய்மாமன் மடி இல்லை, சுழல் நாற்காலி. காது குத்தவில்லை. குலதெய்வத்தைப் பற்றி அவரிடம் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. அவராவது கடவுள் இல்லை என்று நம்பினார். நான் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. மணிமுக்தா அணையில் முப்பத்தோரு ஆண்டு மழையளவும் நீர்மட்டமும் எழுதினேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஓய்வு பெற்றும் கை நிற்கவில்லை, அதனால்தான் மாடியில் மழைமானி. நான் நம்பியது அளவுகோலை மட்டும்.

என் மனைவி நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வீட்டுக்கு வந்தாள். மாமனார் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சமையலறை அலமாரியின் மேல்தட்டில், காபித்தூள் டப்பாவுக்கும் புளிச் சாடிக்கும் நடுவில் தெய்வங்களைக் குடிவைத்தாள். இரண்டே கால் சதுர அடியில் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் உரக்கடை காலண்டரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவர்கள், ஒருவர் தலைக்கு மேல் யூரியா மூட்டை இன்னும் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அவள் வாசலையும் பிடித்துக்கொண்டாள். நிலைப்படிக்கு மேலே மட்டும் ஏழு பொருள்கள்: மாவிலை, படிகாரம், எலுமிச்சையும் மிளகாயும், கருப்புக் கயிறு, வேலின் தகடு, கற்றாழை, ஒரு கண்ணாடித் துண்டு. கெட்ட காற்று உள்ளே வராது என்பாள். கொசு வருகிறதே என்று கேட்டால் பேச மாட்டாள்.

இத்தனை பேர் காவல் இருக்கும்போது ஒருவரைக் காணோம் என்று எதற்கு இந்த அடம்? நான் திருவண்ணாமலை போகலாம் என்றேன். திருப்பதிக்கு டிக்கெட் போடுகிறேன் என்றேன்.

"கலெக்டரு கிட்ட போனாலும் வி.ஏ.ஓ. கையெழுத்து இருக்குதான்னு கேப்பாரு. கொலதெய்வம் தான் வி.ஏ.ஓ." என்றாள்.

"உங்க அப்பா வூட்டு சாமிக்கு வெச்சா ஆவாதா?"

"அத்த தாலி கட்டின அன்னிக்கே வுட்டுட்டு வந்துட்டேன். கட்டினவன் சாமி தான் என் சாமி." கொஞ்சம் நிறுத்தி, "கெணத்துல தண்ணி எத்தினி அடின்னு சொல்றீங்க. ஆகாசத்துல மேகம் எத்தினி பங்குன்னு சொல்றீங்க. சொந்த சாமி பேரு தெரியல. இன்னா மனுஷன் நீங்க?" என்றாள்.

கேட்டுச் சொல்லப் பங்காளிகளும் இல்லை. அப்பாவோடு பிறந்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் குறி சொல்லும் அம்மாள் ஒருவரிடம் போனேன். தட்டில் இருநூற்று ஐம்பத்தொரு ரூபாய் வைத்தேன். அந்த அம்மாள் ஆறு முறை கொட்டாவி விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மேற்கால. மலைக்கு அடியில. தண்ணி பக்கத்துல. ஆம்பள சாமி. எதுக்க குதிர நிக்குது. உங்க பாட்டன் கோவத்துல வுட்டுட்டு வந்துட்டான்" என்றார். உளுந்தூர்பேட்டைக்குப் போய், சக்கரம் வைத்த லாரி ஒன்றைத் தேடிக் கண்டுபிடி என்பது போல இருந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் குதிரை இல்லாத சாமியைக் காட்டினால்தான் அதிசயம்.

ஆனாலும் ஜூலை 23, புதன்கிழமை, எங்கள் தெரு ஆட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவிக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டால் வலி வரும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டேன். கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறத் தொடங்கும் இடம் வரை சாலையின் இரு பக்கமும் எண்ணினேன். கோயில், மேடை, மரத்தடிக் கல் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. குதிரை உள்ளவை பத்தொன்பது. அதில் முனீஸ்வரன் ஒன்பது.

ஏழாவது கோயிலில், வேப்பமரத்தடியில் நின்று ஒரு முடிவுக்கு வந்தேன். என் சாமியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கலாம். அவளுக்கு வேண்டியது ஒரு குலதெய்வம். எனக்கு வேண்டியது ஆபரேஷன் தேதி. நடுவில் எந்த முனீஸ்வரன் இருந்தால் என்ன?

ஆகவே சட்டைப்பை நோட்டில் கோடு போட்டேன். படி எத்தனை, நிழல் உண்டா, குழாய் உண்டா, கழிப்பறை உண்டா. ஒரு முனீஸ்வரனுக்கு அறுபத்து நான்கு படி, அவரை அடித்தேன். ஒருவர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒருவர் பெண்களை உள்ளே விட மாட்டாராம், அவரையும் அடித்தேன். கடைசியாக ஒருவர் தேறினார். சாலையிலிருந்து பத்தடி. சமதளம். புளியமர நிழலில் மூன்று கல், ஒரு வேல், சுற்றிலும் புதிதாக டைல்ஸ். எதிரே ஒரு சுதைக் குதிரை. கால் நான்கு, காது இரண்டு, ஆனால் இடது காது மட்டும் சிமெண்டில் ஒட்டுப்போட்டு வலதைவிடச் சின்னதாக இருந்தது. பக்கத்தில் குழாய். அதற்குப் பின்னால், ஆடி மாதக் கூட்டத்துக்காகக் கட்டிய கழிப்பறை. தாழ்ப்பாள் வேலை செய்தது. உள்ளே வாளியும் இருந்தது, மக்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கும் பொதுக் கழிப்பறையை என் ஆயுளில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன்.

நான் வெளியே வந்ததும் ஆட்டோக்காரர், "இது தான் உங்க சாமியா சார்?" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கக்கூஸ்ல இருந்து வரும்போது மொகமே தெளிஞ்சி போச்சி சார் உங்களுக்கு."

தொலைவில் உள்ள குலதெய்வத்தை வீட்டில் இருத்த வேண்டுமானால், கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவருவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசாரி பூஜை போட்டு அள்ளிக் கொடுக்க வேண்டும். பூசாரி அங்கே இல்லை. நானே அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அதற்குப் பேர் திருட்டு என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன், நூற்றுப் பத்து கிராம்.

"கண்டுபிடிச்சிட்டேன். அங்க ஒரு பெரியவரு இருந்தாரு. எங்க தாத்தாவ தெரியும்னாரு" என்று மனைவியிடம் சொன்னேன். தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவரை ஒரு நொடியில் உண்டாக்கிவிட்டேன்.

"சாமி பேரு?"

"முனீஸ்வரன்."

"எங்க அப்பா வூட்லயும் முனீஸ்வரன் தான். மலையடி தான்."

"முனீஸ்வரன் இல்லாத மலையடி ஏது?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கைக்குட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அது பொய் சொன்னதாலா, வெண்டைக்காய் முற்றியிருந்ததாலா என்று இன்றுவரை தெரியாது.

முனீஸ்வரனைப் புளிச் சாடி பக்கத்தில் வைக்க முடியாது என்றாள். சைவச் சாமிகளோடு அவர் ஒத்துப்போக மாட்டாராம். தனி இடம் வேண்டும், ஈசானிய மூலை வேண்டும். திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். வீட்டின் சரியான வடகிழக்கு குளியலறை வாளியின் மேல் விழுந்தது. ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு கூடத்தின் வடகிழக்கு மூலையைக் வீட்டின் வடகிழக்காகக் கணக்கில் கொள்வது என்று முடிவாயிற்று. அங்கே என் மழைப் பதிவேடுகள் இருந்தன, பதினாறு ஆண்டுக்குப் பதினாறு. அவை கட்டிலுக்கடியில் போயின. ஆசாரி வந்து பலகை அடித்தார். பித்தளைச் சொம்பில் மண்ணைப் போட்டு, மஞ்சள் துணியால் வாய்கட்டி, சுவரில் குங்குமத்தால் சூலம் வரைந்து, விளக்கு ஏற்றினாள். நான் கழிப்பறை பார்த்துப் பொறுக்கிய சாமி, என் பதிவேடுகளின் இடத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்தார். பேப்பர் படிக்கும்போது பார்வை அங்கே போகாமல் இருக்க நாற்காலியை முக்கால் அடி திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பொங்கலுக்கு ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று அவளே நாள் குறித்தாள். அதற்கு மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, ஆபரேஷன் என்று நான் டாக்டரிடம் குறித்தேன். இந்தக் கணக்கில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருந்தேன். ஆடிப் பதினெட்டும் ஞாயிறும் சேர்ந்து வந்தால், ஒரு குலதெய்வத்தின் பங்காளிகள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் வருவார்கள். கோயில் வாசலில் பதினான்கு வேன் நின்றது. எங்களுடையது பதினைந்தாவது.

மனைவி மெதுவாக இறங்கினாள். நான் அடுப்புக்கு இடம் பிடிக்கப் போனேன். புளியமரத்தடியில் நீளமான நோட்டோடு பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உண்டாக்கிய பெரியவர் மாதிரியே இருந்தார், நெற்றியில் விபூதி மட்டும் ஜாஸ்தி. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எந்த ஊரு? எந்த வகையறா?"

"தியாகதுருகம். எங்க அப்பா இங்க வராம வுட்டுட்டாரு. இப்ப தான் தெரிஞ்சிது."

"பங்காளியா?"

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. இல்லை என்றால் எனக்கு இங்கே என்ன வேலை? "ஆமா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மலர்ச்சிக்குக் காரணம் உடனே தெரிந்தது. கோயில் வரி, டைல்ஸ் போட்ட வரி, வராமல் விட்ட வருஷங்களின் பாக்கி. பதினோராயிரத்தில் ஆரம்பித்தார். நான் இரண்டாயிரத்தில் நின்றேன். எட்டு நிமிடத்தில் ஐயாயிரத்து ஒன்றுக்கு வந்தோம். என் பேரை எழுதிக்கொண்டார், ரசீது கிழித்துக் கொடுத்தார்.

ரசீதை மடித்துப் பையில் வைத்துத் திரும்பினால், என் மனைவி பொங்கல் பானையை விட்டுவிட்டுக் குதிரைக்கு எதிரே நின்றிருந்தாள். ஒட்டுப்போட்ட இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி வந்துவிட்டதோ என்று ஓடினேன்.

"இது நான் ஒடச்ச காது" என்றாள்.

"எது?"

"எட்டு வயசுல இது மேல ஏறி உக்காந்து, காத புடிச்சிக்கினு தொங்குனேன். கையோட வந்துடுச்சி. எங்க அப்பா இங்கயே வெச்சி அடிச்சாரு. அப்ப டைல்ஸ் இல்ல. ரோடு இல்ல. மாட்டு வண்டியில அந்தாண்ட பக்கமா வந்தோம்."

அதற்குள் நோட்டுப் பெரியவர் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "எலவனாசூர்கோட்டைல மேலத் தெரு வூட்டு பொண்ணு தானே நீ? உங்க அம்மா மூக்கு அப்டியே இருக்குது."

"ஆமாண்ணா. நீங்க பெரியப்பா மவன் தானே? உளுந்தூர்பேட்டைல கட வெச்சிருந்த அண்ணன்?"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் யார் செத்துப் போனார்கள் என்று விசாரித்துக்கொண்டார்கள். ஐந்து பேர் வரை எண்ணினேன். அப்புறம் பெரியவர், "உன் வூட்டுக்காரரு எங்க?" என்றார்.

அவள் என்னைக் காட்டினாள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "இவரு நம்ம பங்காளின்னு இல்ல எழுதிக்கினேன்? ரசீது கூட போட்டுட்டேனே. அப்ப நீ இவருக்குத் தங்கச்சி முற ஆவுதே!"

சுற்றிலும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, "நாப்பது வருசமா அண்ணன் கூடவா குடித்தனம் பண்ணிக்கினு இருந்த?" என்றாள். இன்னொருத்தி கரண்டியோடு எழுந்து வந்தாள். பதினைந்து வேன் ஜனமும் சிரித்தது. ஆட்டோ ஓட்டும் அதே ஆள்தான் அன்றைக்கு எங்களுக்கு வேன் ஓட்டிவந்திருந்தார். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமைதான் மனதில் ஓடியது. இவ்வளவு தூரம் வந்து, கட்டினவன் சாமி இது இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி கத்தி வைக்க விட மாட்டாள். இன்னொரு முனீஸ்வரன், இன்னொரு வேன், அதற்குள் நான்காவது முறை வலி. பதினான்கு மில்லிமீட்டர் கல் எனக்காகக் காத்திருக்குமா? இனிப் பொய் சொல்லிப் பயனில்லை என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். எனக்கு என் சாமி தெரியாது. குறி சொன்ன அம்மாளுக்கும் தெரியாது. ஒன்பது முனீஸ்வரன் பார்த்ததில் இந்த இடம்தான் சமதளமாக இருந்தது, குழாய் இருந்தது, கழிப்பறையில் தாழ்ப்பாள் இருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன். மண்ணையும் கேட்காமல்தான் அள்ளினேன்.

என் மனைவி குதிரைப் பீடத்தில் உட்கார்ந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டாள். வலியா சிரிப்பா என்று மூன்று நொடி எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு.

"ஒம்பது முனீஸ்வரன்ல எனக்குத் தோதா கக்கூஸ் பாத்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"மக்கு இருந்துதா?"

"இருந்துது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "அண்ணா, நான் பொறக்கும்போதே இந்த பித்தப்பை இருந்துது. எங்க அம்மா வூட்டுப் பொருளு. அத்த அறுக்கறதுக்கு எங்க சாமி உத்தரவு குடுத்தா போதும். கல்லு தான் இவுரு வூட்டுக்கு வந்த பொறவு சேந்தது. அதுக்கு இவுரு சாமிய மெதுவா தேடிக்கலாம்."

பெரியவர் யோசித்தார். "நாயமாத் தான் படுது" என்றார்.

பொங்கல் கிழக்கே பொங்கி வழிந்தது. இரண்டு சேவல். அவள் தன் ஒட்டுக்காதுக் குதிரைக்குத் தனியாக ஒரு மாலை போட்டாள். நாற்பத்தாறு ஆண்டு அவள் இந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நானும், உங்கள் வீட்டுச் சாமி எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அணையின் ஆழத்தை நாளுக்கு இரண்டு தரம் கேட்டவன்.

கிளம்பும்போது பெரியவர் என் தோளில் ஒரு துண்டைப் போட்டார். "வாங்க மாப்ள. பொண்ணு குடுத்த வூடு நாங்க. உங்களுக்கு மரியாத செய்யணும்."

"மாப்பிள்ளைக்கு வரி உண்டா?" என்றேன்.

"மாப்ளைக்கு ஏது வரி?"

"அப்ப ஐயாயிரத்து ஒண்ண குடுங்க."

"அது பங்காளி குடுத்தது மாப்ள. நோட்டுல ஏறிடுச்சி. ஏறினத எறக்கினா சாமி குத்தம்" என்று நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

புதன்கிழமை ஆபரேஷன் ஐம்பது நிமிடம் நடந்தது. வெளியே லேசான தூறல், அளக்க என்னிடம் மானி இல்லை. டாக்டர் கற்களைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். ஸ்கேன் நான்கு என்றது. எண்ணினேன், ஏழு. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது பாட்டிலை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவுடன் கூடத்து மூலைக்குப் போனாள். பித்தளைச் சொம்புக்கு இடது பக்கத்தில் பாட்டிலை வைத்தாள். அது எங்கள் வீட்டுச் சாமியின் இடம், அவர் வரும்வரை கல் பிடித்துவைத்திருக்கிறதாம். குங்குமம்கூட வைத்திருக்கிறாள். நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இப்போது பேப்பர் படிக்கும்போது கண் அங்கே போகிறது, ஏழும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் செலவு முழுவதையும் பென்ஷன்காரர் காப்பீடு ஏற்றுக்கொண்டது, என் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. செலவு எல்லாம் சாமியால் வந்ததுதான். குறி, ஆட்டோ, பலகை, வேன், சேவல், பொங்கல் சாமான், வரி, தட்டுக் காசு எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. துண்டின் விலை எண்பது என்று வைத்துக் கழித்தால், பதினான்காயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு ரூபாய்.